மழை நாளில் தெரியும் டயரின் விலை



புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை நம் வாசலுக்கு வந்துவிடும். கோவிலம்பாக்கத்துக்காரர்களுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கீழ்க்கட்டளை ஏரி, மறுபக்கம் நாராயணபுரம் ஏரி, அதையும் தாண்டினால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நடுவே ஓடுகிறது பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி ரோடு. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். போதாததற்கு, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ தடத்தின் வேலை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, ஈச்சங்காடு, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று நம் பகுதியை ஊடுருவிப் போகிறது. தோண்டியதும் மூடியதுமாகக் கிடக்கும் ரோட்டில் தண்ணீர் நின்றுவிட்டால் எது பள்ளம், எது மேடு என்று கண்ணுக்குத் தெரியாது.

அதே ரோட்டில் இன்று ஓடும் கார்களைப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சாதாரணக் கார்களில் அரிதாக இருந்த டர்போ பெட்ரோல் இன்ஜின், இப்போது ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒரு சாதாரணக் குடும்பத்தின் காரிலேயே இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி 150 குதிரைத்திறன்; நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா டர்போ 160. தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் போனால், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ தொழிற்சாலையே நடக்கிறது. வேகமான கார் நம் பக்கத்தில் அரிய பொருள் அல்ல. அதனால்தான் வாசகர்களிடமிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “இந்த மாதிரி காருக்கு விலை அதிகமான டயர்தான் போடணுமா? அதே அளவில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அது போதாதா?”

இந்தக் கேள்விக்கு இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல டயருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் வேகத்துக்கான விலை அல்ல. ஈர ரோட்டில் பிரேக் மிதித்ததும் வண்டி நிற்பதற்கான விலை. அந்த ஒன்றில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மற்ற பல இடங்களில் தாராளமாகப் பிடிக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 375 கிலோ சுமக்கிறது. உள்ளே காற்று 36 பிஎஸ்ஐ என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ அழுத்தம். வகுத்துப் பார்த்தால், டயர் தரையைத் தொடும் இடம் 150 சதுர சென்டிமீட்டர்தான். விரல்களோடு சேர்த்து ஒரு கையைத் தரையில் வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. இன்ஜினின் 150 குதிரைத்திறனும், பிரேக்கின் முழுப் பலமும், ஏபிஎஸ், இஎஸ்பி என்று நாம் பணம் கட்டி வாங்கும் பாதுகாப்பும் அந்த நான்கு கை அகலத்தின் வழியாகத்தான் ரோட்டுக்கு இறங்க வேண்டும். டயர் எவ்வளவு பிடிக்கிறதோ அதற்கு மேல் ஏபிஎஸ்ஸால் ஒரு அடிகூட முன்னதாக நிறுத்த முடியாது.

இரண்டாவது கணக்கு இதைவிட முக்கியமானது. இரண்டு கார்கள் ஈர ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒரே நேரத்தில் பிரேக். முதல் காரின் டயர் நன்றாகப் பிடிக்கிறது, 36 மீட்டரில் நிற்கிறது. அடுத்த காரின் டயர் கொஞ்சம் வழுக்குகிறது, நிற்க 42 மீட்டர் ஆகிறது. வித்தியாசம் ஆறே மீட்டர். ஒன்றரைக் கார் நீளம். காகிதத்தில் படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 30 கிலோமீட்டர். நிற்பதற்கு முந்தைய கடைசிச் சில மீட்டர்களில்தான் வேகம் மளமளவென்று இறங்குகிறது. அதனால்தான் இந்த வித்தியாசம். எதிரே ரோட்டைக் கடப்பவர் ஒரு பள்ளிக் குழந்தை என்றால், முதல் கார் தொடாமல் நிற்கும். இரண்டாவது கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். டயர் விலையைப் பற்றிப் பேசும்போது என் மனதில் ஓடுவது இந்த ஆறு மீட்டர்தான்.

அந்த ஆறு மீட்டர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ரப்பர் கலவையிலிருந்து. டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான கார்பன் பிளாக் ரப்பருக்கு உறுதி தருகிறது. அதில் ஒரு சங்கடம் உண்டு: ஈரத்தில் பிடிப்பு வேண்டுமென்று கலவையை மாற்றினால் உருளும்போது அதிகம் சூடாகி எரிபொருளைக் குடிக்கும், எரிபொருளை மிச்சப்படுத்த மாற்றினால் ஈரத்தில் வழுக்கும். 1992இல் மிச்செலின் நிறுவனம் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்தபோது இந்த முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது. டயர் உருளும்போது ரப்பர் மெதுவாக நசுங்கி விரிகிறது. பிரேக் மிதிக்கும்போதோ ரோட்டின் சிறு சொரசொரப்பில் மிக வேகமாக நசுங்குகிறது. சிலிக்கா சேர்ந்த கலவை முன்னதில் சக்தியை வீணாக்காமல், பின்னதில் நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் சிலிக்கா ரப்பரோடு எளிதில் ஒட்டாது. ஒட்டவைக்கத் தனி ரசாயனம் வேண்டும், சூட்டையும் நேரத்தையும் கவனமாகப் பார்த்துக் கலக்க வேண்டும். விலையின் ஒரு பகுதி இந்த வேலைக்கானது.

இன்னொரு பகுதி உள்ளே மறைந்திருக்கும் கட்டுமானத்துக்கு. வேகம் கூடக் கூட டயர் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது இரும்புக் கம்பிப் பட்டையும் அதன்மேல் சுற்றிய நைலான் அடுக்கும். வேகமான காருக்காக வடிவமைத்த டயரில் இந்த அடுக்கும், சைடுவால் எனும் பக்கச் சுவரின் உறுதியும் அந்த வேலைக்கென்றே அமைந்திருக்கும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி தயங்காமல் திரும்புவது இதனால்தான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். விலை குறைந்த டயர் எல்லா வகையிலும் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ந்த ரோட்டில், நகர வேகத்தில், மேடவாக்கம் கூட்ரோட்டு நெரிசலில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கடினம். ரப்பர் கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் மலிவான டயர் பல சமயம் நீண்ட நாள் உழைக்கும். ஸ்போர்ட்ஸ் டயரின் மென்மையான ரப்பரோ சீக்கிரம் தேயும். அது பழுது அல்ல, அதன் இயல்பு. சில டயர்களின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் மெதுவாகத் தேயும் டயர் என்று பொருள். பந்தய டயர்களுக்கு நெருக்கமான டயர்களில் அது 200ஐ ஒட்டியும், குடும்பக் கார்களின் டயர்களில் 400, 500 என்றும் இருக்கும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே தருகிறார் என்பதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது உதவும்.

தண்ணீர் தேங்கிய ரோட்டுக்கு வருவோம். டயரின் பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம். விமானச் சக்கரங்களை வைத்து நாசா 1960களில் இதை ஆராய்ந்து ஒரு எளிய சூத்திரம் தந்தது: மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 36 பிஎஸ்ஐ உள்ள டயர் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். அதே டயரில் காற்று 25க்கு இறங்கிவிட்டால் 83 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். இது தோராயமான கணக்கு. டயரின் அகலம், தண்ணீரின் ஆழம், பள்ளத்தின் தேய்மானம் எல்லாம் சேர்ந்து அதை மேலும் கீழும் இழுக்கும். ஆனால் பாடம் தெளிவு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரானாலும், காற்றைக் கவனிக்காவிட்டால் கொடுத்த பணம் தண்ணீரோடு போயிற்று.

விலையும் பெயரும் மட்டும் போதாது என்பதற்கு நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஓடிய ஒரு பந்தயமே சாட்சி. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அந்த ஆண்டுதான் நரேன் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்திருந்தார்; ஜோர்டான் அணி, பிரிட்ஜ்ஸ்டோன் டயர். அந்த ஆண்டு விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்வான கடைசி வளைவில் மிச்செலின் டயர் பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்த வளைவின் சுமையை முழுப் பந்தயமும் தங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிச்செலின் நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிச்செலின் பூட்டிய 14 கார்கள் பந்தயப் பாதையை விட்டு வரிசையாக உள்ளே திரும்பிவிட்டன. மீதி ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் அவர்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அந்த ஆண்டு நடந்த 19 பந்தயங்களில் மற்ற 18ஐயும் வென்றவை மிச்செலின் டயர் பூட்டிய கார்கள். உலகின் சிறந்த டயர் என்று 18 முறை நிரூபித்த ஒன்று, ஒரு பாதையில் மட்டும் பொருந்தவில்லை. ஆகவே கடைக்குள் நுழைந்ததும் “இருக்கிறதிலேயே நல்ல டயர் எது?” என்று கேட்பதைவிட “என் காருக்கும் நான் போகிற ரோட்டுக்கும் எது பொருந்தும்?” என்று கேட்பதே சரி. பழுது தெரிந்ததும் மறைக்காமல் “ஓட்டாதீர்கள்” என்று சொன்ன மிச்செலினின் நேர்மையையும் நான் மதிக்கிறேன். பந்தயம் போனது, உயிர் போகவில்லை.

வெளிநாட்டுப் பெயர் என்றால் உயர்ந்தது, உள்ளூர்ப் பெயர் என்றால் மலிவு என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். சென்னையின் எம்ஆர்எஃப், 1946இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பொம்மை பலூன் பட்டறையிலிருந்து வளர்ந்தது. அதன் டயரில் ஓடிய எஃப்ரென் யாரேனா 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டத்தையே வென்றார். ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் அப்பல்லோ, நெதர்லாந்தின் பழைய நிறுவனமான ஃப்ரெடெஸ்டைனை 2009இல் வாங்கி, அந்தப் பெயரில் உயர்வகை டயர்களை இங்கும் விற்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சியட், ஜேகே இரண்டுக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று ஆக்கியதிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் சில அளவுகள் கிடைப்பதே அரிதாகி விலையும் ஏறியது. எனவே நம் கடைகளில் இன்று உண்மையான தேர்வு பெரும்பாலும் இரண்டு முனைகளுக்கு நடுவில்தான். நல்ல நிறுவனத்தின் நடுத்தர விலை டயர் பலருக்குப் போதுமானது.

யாருக்குப் போதும், யாருக்குப் போதாது? கார் 100, 120 குதிரைத்திறன், ஓட்டம் பெரும்பாலும் வீடு, அலுவலகம், பள்ளிக்கூடம் என்றால், நல்ல நிறுவனத்தின் நடுத்தர டயரைத் தயங்காமல் போடுங்கள். 150க்கு மேல் சக்தி, மாதம் இரண்டு முறை திருச்சிக்கோ பெங்களூருக்கோ நெடுஞ்சாலைப் பயணம், மழையிலும் போயே தீர வேண்டிய வேலை என்றால், ஈரப்பிடிப்பில் பெயர் வாங்கிய உயர்வகை டயருக்குச் செலவு செய்யுங்கள். பிஎம்டபிள்யூ, ஆடி, மெர்சிடிஸ், போர்ஷே வைத்திருப்பவர்கள் பழைய டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நட்சத்திரம், ஏஓ, எம்ஓ, என் என்று ஒரு குறி இருந்தால், அந்தக் காருக்கென்றே கலவையும் கட்டுமானமும் சரிசெய்த டயர் அது. முடிந்தவரை அதே குறியுள்ளதை வாங்குங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில் டயர்கள் ஒரே வகையாக, ஒரே அளவு தேய்மானத்தில் இருப்பது இன்னும் முக்கியம்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 205/55 R16 91V என்றால் அகலம் 205 மில்லிமீட்டர். அதில் 55 சதவீதம் பக்க உயரம். ரிம் 16 அங்குலம். 91 என்பது 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. V என்பது 240 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். T என்றால் 190, H 210, W 270, Y 300. “நான் 240ல் ஓட்டப்போவதில்லையே, T போட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்லவில்லை. சூட்டைத் தாங்கும் வலுவையும் சொல்கிறது. சித்திரை வெயிலில் முழுச் சுமையோடு நெடுஞ்சாலையில் போகும்போது அந்த வலு வேண்டும். கார் நிறுவனம் சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

தயாரித்த தேதியைப் பார்க்காமல் பில் போடச் சொல்லாதீர்கள். 3524 என்று நான்கு இலக்கம் இருந்தால், 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நம்ப முடியாத தள்ளுபடியில் வரும் உயர்வகை டயர் பல சமயம் கிடங்கில் கிடந்த பழைய சரக்கு. ஓடாமலே இருந்தாலும் ரப்பர் மூப்படையும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ கழற்றிப் போட்ட டயரைப் பெரிய பெயருக்காக வாங்க வேண்டாம். உள்ளே எங்கே அடிபட்டது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஈரப்பிடிப்புக்கும் உருளும் எதிர்ப்புக்கும் சத்தத்துக்கும் நம் நாட்டிலும் விதி வந்துவிட்டது. புதிய வடிவ டயர்களுக்கு 2022 அக்டோபர் 1 முதல் என்று அறிவித்தார்கள். அது குறைந்தபட்ச எல்லை. அதற்கு மேல் எவ்வளவு என்பதில்தான் டயருக்கு டயர் வித்தியாசம். ஐரோப்பிய ஒப்பீட்டுச் சோதனைகளைப் படிப்பவர்கள் பனி, குளிர் பகுதிகளைத் தள்ளிவிட்டு, ஈர ரோட்டில் பிரேக், தண்ணீரில் மிதத்தல் ஆகிய இரண்டு பட்டியல்களை மட்டும் பாருங்கள். நமக்குத் தேவை அவைதான்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்குவதை விடுங்கள். ரிம் பெரிதானால் சைடுவால் குட்டையாகும். நம் மெட்ரோ பள்ளத்தில் ஒரு முறை விழுந்தால் போதும், உள்நூல் அறுந்து டயரின் பக்கவாட்டில் புடைப்பு வந்துவிடும். பஞ்சர் கடையில் அதற்கு வைத்தியம் இல்லை, டயரையே மாற்ற வேண்டும். பெரிய ரிம்மில் மலிவு டயரைவிட, கம்பெனி ரிம்மில் நல்ல டயர் ஆயிரம் மடங்கு மேல். நைட்ரஜனுக்குக் கட்டாயமாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நான்கையும் சேர்த்து மாற்ற இப்போது முடியவில்லையா, ஒரே அச்சில் இரண்டாக மாற்றுங்கள். புதிய ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழலும். அதைச் சமாளிப்பது பழகிய கைக்கே கடினம்.

பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்தில் எத்தனை பிஎஸ்ஐ என்று ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியை மறக்காதீர்கள். ரோட்டுப் பள்ளத்தில் பலமாக அடிபட்டால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். சட்டப்படி டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். அந்தப் பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடு டயரின் மேல்மட்டத்துக்குச் சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் நம் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. மொட்டையாகிப்போன உயர்வகை டயரைவிட, பள்ளம் ஆழமாக இருக்கும் நடுத்தர டயர் தேங்கிய தண்ணீரில் நம்பகமானது.

இளைய வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நல்ல டயர் போட்ட தைரியத்தில் ஈசிஆரிலும் வண்டலூர் வெளிவட்டச் சாலையிலும் நள்ளிரவில் வேகம் பார்க்காதீர்கள், தம்பி. வேகத்தின் மேல் ஆசை இருப்பது தப்பே இல்லை. அதற்காகத்தான் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே எதிரே யாரும் வருவதில்லை, தவறினால் ஓட இடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. ஈசிஆரில் பால் வாங்கப் போகிறவரும் மீன் விற்று வருகிறவரும் ரோட்டைக் கடக்கிறார்கள்.

உங்கள் கார் எது, எந்த டயர் போட்டிருக்கிறீர்கள், எத்தனை கிலோமீட்டர் உழைத்தது, மழையில் எப்படி நின்றது என்று எங்களுக்கு எழுதுங்கள். நம் ரோட்டில், நம் மழையில் ஓட்டியவர்களின் அனுபவத்துக்கு ஈடாக எந்த வெளிநாட்டுச் சோதனையும் வராது. வரும் கடிதங்களைத் தொகுத்து அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கிக் காரைச் சுற்றி வாருங்கள். காற்று, பள்ளம், தேதி, புடைப்பு இந்த நான்கையும் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் மழைக்கு முன்பே மாற்றுங்கள். ரிம்மில், சீட் கவரில், மியூசிக் சிஸ்டத்தில் எதில் வேண்டுமானாலும் சிக்கனமாக இருங்கள். வண்டி நிற்க வேண்டிய அந்தக் கடைசி ஆறு மீட்டரில் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்